நீலக்காரரின் இரண்டு கண்கள்

உலகத்தையே சுற்றிப் பார்க்கத் துடிக்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் ஒரே மலைக்கு நாற்பத்திரண்டு தடவை போனவர். அதுவும் பேர் சொல்லும்படியான மலை கிடையாது. பேருந்தில் முக்கால் மணி நேரம், பிறகு இருபது நிமிட நடை. கூன் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு மலை, அதன் காலடியில் ஒரு பள்ளத்தாக்கு, நடுவில் ஒற்றை ஓட்டு வீடு. "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று யாராவது கேட்டால், "இன்னும் பார்த்து முடிக்கல" என்பார்.

வேலை லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தெட்டு. வாழ்நாளில் பாதியை இருட்டுக் கூண்டுக்குள் மேலும் கீழுமாகவே கழித்தவருக்கு, மீதிப் பாதியில் எதையாவது அகலமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில் அதிசயமில்லை. பத்து வருடத்துக்கு முன் கல்யாண ஃபோட்டோ எடுக்கிற ஒருவர் பழைய கேமராவை விற்றபோது வாங்கிக்கொண்டார். அதுவரை பொண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டுமே பார்த்துச் சலித்திருந்த அந்தக் கேமரா, அன்றிலிருந்து மலையைப் பார்க்க ஆரம்பித்தது.

இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் பெரும்பாலும் அகலமான லென்ஸைத்தான் விரும்புவார்கள். இவர் நீளமான லென்ஸ்காரர். "இருக்கறது எல்லாத்தையும் தட்டுல அள்ளிப் போட்டுக்கறவனுக்கு எதோட ருசியும் தெரியாது" என்பது அவர் கட்சி. மலை முழுவதையும் எடுக்கமாட்டார். மலையின் தோள், தோளில் விழும் நிழல், நிழலின் விளிம்பில் அந்த ஓட்டு வீடு, அவ்வளவுதான். ஒரு விடியலுக்கு மூன்று படம். அதற்கு மேல் எடுத்தால் சந்தேகத்தில் எடுக்கிறோம் என்று அர்த்தமாம்.

எடுக்கும் விதத்தில் அவருடைய தொழில் அப்படியே இறங்கியிருந்தது. லிஃப்டின் தண்டவாளம் நூல் பிசகினாலும் கூண்டு குலுங்கும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் விரல் நீள ரசமட்டம் ஒன்று இருக்கும். ட்ரைபாட்டை நிறுத்தியதும் அதை மேலே வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நட்ட நடுவில் வந்து நிற்கும்வரை கால்களை நீட்டிச் சுருக்குவார். காற்றில் ட்ரைபாட் ஆடாமல் இருக்க, நடுத் தண்டின் கொக்கியில் ஸ்பேனர் பையைத் தொங்கவிடுவார். லிஃப்டுக்கு எதிர்எடை மாதிரி. ட்ரைபாட் வைக்க இடமில்லாத பாறையென்றால், மனைவி தைத்துக் கொடுத்த காய்ந்த பட்டாணி மூட்டை உண்டு. அதன் மேல் லென்ஸைப் படுக்கவைத்தால் குழந்தை மாதிரி அடங்கிக் கிடக்கும். விரலால் பொத்தானை அழுத்தினால் அந்த அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும் என்பதால், இரண்டு நொடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும்படி கேமராவுக்குச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பார். மூன்று படத்துக்கு மூன்று தடவை மூச்சு.

இந்தச் சாமான்களில் ஒன்றே ஒன்றை மட்டும் அவர் தொட்டதில்லை. கேமராவோடு வந்த சாம்பல் நிற அட்டை, உள்ளங்கை அகலம். எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கிறோமோ அதே வெளிச்சத்தில் முதலில் இந்த அட்டையை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் "இதுதான் சாம்பல்" என்று காட்டினால், மற்ற நிறங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். "கண்ணில்லாதவனுக்கு வேணும் அதெல்லாம்" என்று ஒதுக்கிவிட்டார். அட்டை சும்மா கிடக்கவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் மனைவியின் தண்ணீர் டம்ளருக்கு மூடியாகி, எட்டு வருடமாக நல்ல உத்தியோகத்தில் இருந்தது.

மனைவி வீட்டிலேயே தைப்பவர். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, நர்சுகளின் கோட்டு. நூல் பெட்டியில் நூற்றுப் பத்து நூல்கண்டுகள். விளக்கணைந்தாலும் எந்த நூல் எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் சில வருடங்களாகவே கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப்பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிவந்தார்.

"ஏங்க, நீலம்."

"என்ன நீலம்?"

"மலை, வானம், வீடு, புல்லு. சொட்டு நீலத்துல ரெண்டு நாள் ஊறப்போட்ட மாதிரி."

"அது விடியக்காலம்மா. விடியக்காலம் அப்படித்தான் இருக்கும்."

"நானும் விடியக்காலத்தைப் பார்த்திருக்கேன்."

"எப்ப? நீ எந்திரிக்கறப்ப சூரியன் பாதி ஆபீஸ் போயிருக்கும்."

அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். அவர் கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்தும் சுட்டியை இன்னும் கொஞ்சம் நீலத்தின் பக்கம் நகர்த்துவார். படங்கள் கேமராவிலிருந்து இறங்கும்போதே பழைய செய்தித்தாள் மாதிரி ஒரு பழுப்போடு இருப்பதாக அவருக்குத் தோன்றும். குளிர்ந்த, கழுவிவிட்ட மாதிரியான விடியல் அவர் நினைவில் இருந்தது. அந்த விடியல் திரையில் வரும்வரை நகர்த்துவார்.

ஃபோட்டோ சங்கத்தில் அந்த நீலம் கொண்டாடப்பட்டது. பதினோரு பேர் கொண்ட அந்தச் சங்கம் மாதம் ஒருமுறை நூலகத்தின் பின்னறையில் கூடும். செயலாளர் ஒரு கணக்கு வாத்தியார். எண்களோடு காலம் தள்ளியவர், வார்த்தை கிடைத்தால் விடமாட்டார். சங்கத்தின் நான்கு பக்க இதழில், "தனிமையின் நிறம் எது என்பதற்கு நம் நண்பர் ஆண்டுதோறும் இன்னும் அழுத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு மனைவி, "தனிமையா? வீட்டுல என்னை வச்சுக்கிட்டா?" என்று கேட்டார். ஆனாலும் அந்தப் பக்கத்தை வெட்டிப் பத்திரப்படுத்தினார். அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்குப் பெயர் நீலக்காரர்.

பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. முப்பது வருடமாக "லிஃப்ட்காரரைக் கூப்பிடு" என்பதையே கேட்டு வந்தவருக்கு, தன் கண்ணை வைத்து ஒரு பெயர் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பெயருக்கு உச்சம் இந்த வருடம் வந்தது. நூலகத்தில் புதிய வாசிப்புக் கூடம் திறக்கப்போகிறார்கள். அதன் நீளச் சுவருக்கு ஒரே ஒரு பெரிய படம், ஆறடி அகலத்தில். நூலகர் அம்மா சங்கத்தார் கொடுத்த படங்களையெல்லாம் மேசையில் பரப்பிவைத்து ஒரு முழு நாள் பார்த்து, இவருடைய பள்ளத்தாக்கை எடுத்தார்.

"சார், இதுதான். வேற பேச்சே இல்ல. இந்த நீலத்துக்காகத்தான்."

அவர் அன்று டேப்பும் ரசமட்டமுமாகப் போய் சுவரை அளந்தார். நல்ல வெள்ளைச் சுவர். கொஞ்சம் அழுக்கேறிய வெள்ளை. ஆணி அடிக்க வேண்டிய இரண்டு இடங்களையும் பென்சிலால் குறித்துவிட்டு, வீட்டுக்கு நடந்தே வந்தார். பேருந்து ஏறவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

நான்கு வாரத்தில் திறப்பு விழா. அதற்கு ஐந்து நாள் முன்னால் படத்தின் ஃபைல் அச்சுக்கடைக்குப் போய்விட வேண்டும்.

இதற்கு நடுவில்தான் அந்த வயர்.

ஒரு கண் மருத்துவமனையின் லிஃப்ட். கதவு பாதி மூடிப் பாதி திறந்து அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டாளி, இவரைவிடப் பத்து வயது இளையவர், டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் பேனலைத் திறந்து வயர்களைக் கழற்றி மாட்டினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

"என்னப்பா?"

"கறுப்பு போற இடத்துல நீலத்தைச் சொருகறீங்க."

"இது கறுப்புதானே?"

கூட்டாளி டார்ச்சை வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு அவர் முகத்துக்கு. பிறகு மறுபடியும் வயருக்கு.

"அண்ணே, இது எங்க பாப்பாகூட சொல்லும், நீலம்னு."

"வெளிச்சம் பத்தல."

"போன மாசமும் வெளிச்சம் பத்தலன்னீங்க. நான் எதுவும் சொல்லல, இன்னைக்குச் சொல்றேன். கரன்ட்டு உங்க வயசுக்கு மரியாதை கொடுக்காது. நாம நிக்கறது கண்ணாஸ்பத்திரி. லிஃப்டை நான் பார்த்துக்கறேன். நீங்க படியேறி மேல போங்க."

அங்கிருந்த கண் டாக்டர் இளவயதுப் பெண். இவரை லிஃப்ட் சார் என்று அறிவார். கருவிக்குள் தாடையை வைக்கச் சொல்லி இரண்டு கண்ணையும் பார்த்தார்.

"சார், சாக்ஸைக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டும் கறுப்பு.

"ஒண்ணு கறுப்பு, ஒண்ணு கருநீலம்," என்றார் டாக்டர். "உள்ள வரும்போதே பார்த்தேன். ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்தி மஞ்சளாயிருக்கு. மெதுவா வந்ததால உங்களுக்குத் தெரியல. பயப்பட ஒண்ணுமே இல்ல, லென்ஸை மாத்திடலாம். இந்த வாரம் வலது, அடுத்த மாசம் இடது."

லென்ஸ் மாற்றுவது என்றதும் அவருக்குப் பயம் பாதி போய்விட்டது. அது அவருக்குத் தெரிந்த வேலைதானே. "எத்தனை எம்.எம்.?" என்று கேமரா லென்ஸின் அளவைக் கேட்பது போலக் கேட்டார். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார்.

சிகிச்சை அரைமணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது டாக்டரின் கோட்டு. வெள்ளை. அந்த வெள்ளையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். பிறகு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு வானம். யாரோ அப்போதுதான் பெயின்ட் அடித்துவிட்டுப் போனமாதிரி இருந்தது. கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"உன் தலைமுடி எப்பம்மா இவ்வளவு வெளுத்துச்சு?"

"புதுக் கண்ணு வந்ததும் முதல்ல கேக்கற கேள்வியா இது?" என்றார் மனைவி. "டாக்டரம்மா, பழசையே திருப்பி மாட்டிவிட்டுடுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு வாய் மூடவில்லை. பேருந்தின் பச்சை, காய்கறிக்கடைத் தக்காளி, எதிர்வீட்டுக் கதவு. "அந்தக் கதவு பழுப்புன்னுல்ல நினைச்சேன்." "அது ஊதா. அவங்க குடிவந்ததுலேர்ந்து ஊதா." வலது கண்ணை மூடினால் எல்லாம் டீயில் முக்கியெடுத்த மாதிரி, இடது கண்ணை மூடினால் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி. தெருவில் நின்று மாறி மாறி இரண்டு கண்ணையும் மூடித் திறக்கிறவரைப் பார்த்து, எதிரே வந்த ஒரு பெண் முறைத்துவிட்டுப் போனார். "இந்த வயசுல அடி வாங்கித் தராதீங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கம்ப்யூட்டரைத் திறந்தார். வாசிப்புக் கூடத்துக்குப் போகப்போகும் அந்தப் பள்ளத்தாக்கை, கழுவிவிட்ட கண்ணால் பார்க்கும் ஆசை.

திறந்தவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மனைவி மெஷினில் ஒரு காலர் தைத்து முடித்தார். இரண்டாவது காலரையும் முடித்தார். பிறகு எழுந்து வந்து பார்த்தார். திரையில் மலை, வானம், வீடு, புல், எல்லாம் சொட்டு நீலத்தில் ஊறிக்கிடந்தன. நீலக்காரர் இடது கண்ணை மூடினார், நீலம். வலது கண்ணை மூடினார், அழகான விடியல். மறுபடியும் இடது.

"ஏம்மா."

"சொல்லுங்க."

"நீலம்."

அவர் எழுந்துபோய், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த வருடத்துக்கு ஒன்றான படங்களைப் பார்த்தார். முதல் வருடத்தில் மலை மலையாக இருந்தது. மூன்றாம் வருடம் லேசாகக் குளிர்ந்திருந்தது. ஐந்தில் முகம் நீலம் பாரித்திருந்தது. எட்டில் முழுதாக மூழ்கிப்போயிருந்தது. கணக்கு வாத்தியார் சொன்னது சரிதான். ஆண்டுதோறும் இன்னும் அழுத்தமாகத்தான் பதில் சொல்லியிருந்தார். ஆனால் கேள்வி தனிமையைப் பற்றியதல்ல, புரையைப் பற்றியது.

மனைவி நூல் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கண்டாக எடுத்து நீட்டினார். இவர் வலது கண்ணால் கருநீலம், கறுப்பு, சாம்பல், வெளிர்மஞ்சள் என்று ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார். இடது கண்ணால் பத்துக்கு ஆறு தேறியது.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு பழமொழியே இருக்கு," என்றார் மனைவி. "உங்க கண்ணு மஞ்சளைக் காட்டுச்சு. நீங்க அதுக்கு மருந்தா நீலம் போட்டீங்க. கூடக் கூடப் போட்டீங்க."

"மலையையும் அதே கண்ணாலதானே பார்த்தேன்? அப்ப ரெண்டும் சரியாப்போயிருக்கணுமே?"

"மலை எதிர்ல நிக்கறப்ப மனசு சரிபண்ணிக்கும். வீட்டுக்கு வந்து பழைய ஞாபகத்தை வச்சுல்ல திருத்தினீங்க." கண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னார், "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். சாக்ஸ் விஷயத்தை நீங்க சொன்னதும் உங்க படம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நீங்க சந்தோஷமா வந்தீங்க, வழியில சொல்ல மனசு வரல."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. நூலகர் எதைச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்? இந்த நீலத்துக்காக. சங்கம் எதைக் கொண்டாடியது? இந்த நீலத்தை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, பேருந்தேறிப் போய் ஒரே மலையை எடுத்துக்கொண்டிருக்கும் லிஃப்ட்காரர்.

"ஃபோன் பண்ணி வேற யாரோட படத்தையாவது மாட்டிக்கச் சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லுங்க. ஆனா முதல்ல அந்த மலை என்ன நிறம்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. என்ன நிறம்னே தெரியாம எப்படி வாபஸ் வாங்குவீங்க?"

டாக்டர் இரண்டு வாரம் பளுவும் தூசியும் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரமும் அவர் சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையில் நடந்து தீர்த்தார். அச்சுக்கடைக் கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் போய்வரச் சம்மதித்தார், பளு மட்டும் இன்னும் கூடாது என்றார். மறுநாள் காலை முதல் பேருந்தில், ட்ரைபாட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவியும் ஏறினார். நாற்பத்து மூன்றாவது பயணத்தில் முதல் தடவையாக.

"பளு தூக்கக் கூடாதுன்னாங்க. முக்காலியை யார் தூக்கறது?" என்றார். கைப்பையைத் திறந்து டம்ளர் மூடியை எடுத்து அவர் மடியில் வைத்தார். வட்டமான தண்ணீர்த் தடம் ஒன்று அதில் படிந்திருந்தது. சாம்பல் அட்டை.

இருட்டு பிரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். அவர் ரசமட்டத்தை வைத்தார். டார்ச் வெளிச்சத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது. ஸ்பேனர் பையைத் தொங்கவிட்டார். மனைவி பட்டாணி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். தைத்தவர் என்ற உரிமை.

முதலில் எதற்கும் நிறமில்லை. பிறகு மெதுவாக, அடுப்பில் பால் சூடேறுவது போல, நீலம் வந்தது. உண்மையாகவே வந்தது. மலையின் தோள், பள்ளத்தாக்கு, ஓட்டு வீடு, எல்லாவற்றின் மேலும் மெல்லிய, சுத்தமான ஒரு நீலம். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கு. பாத்தியா, இருக்கு."

"இருக்கு," என்று ஒப்புக்கொண்டார் மனைவி. "ஆனா உங்களோடது பத்து கண்டு நூல். இது ஒரு இழை."

ஏழெட்டு நிமிடம்தான் அது நின்றது. பிறகு மலை உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்து, கீழே இறங்கி, ஓட்டில் சிவப்பாகத் தொற்றிக்கொண்டது. அதற்கும் கீழே, இத்தனை வருடமாகக் காய்ந்த புல் என்று அவர் நினைத்திருந்த சரிவு முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள்.

அவர் கேமராவைத் தொடாமல் நின்றார். பிறகு அட்டையை மனைவி பிடித்துக்கொள்ள முதலில் அதை ஒரு படம் எடுத்தார். அப்புறம், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று.

திரும்பும்போது மனைவி கேட்டார், "இந்த இடத்தை யார் காட்டினாங்க?"

"யாரும் இல்ல. நானா சுத்திச் சுத்திப் பிடிச்சது. அந்தப் பாறைக்கு ரெண்டடி இந்தப் பக்கம் நின்னா வீடு மறைஞ்சிடும். அந்தப் பக்கம் நின்னா மலை தட்டையாயிடும்."

"அப்புறம் என்ன. நீலம் கண்ணோடது. நின்னது நீங்கதானே."

பேருந்தில் அவர் ஜன்னலோர இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளாமல் மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அது ஒரு சம்பவம்.

அன்று மத்தியானம்தான் உண்மையான திருவிழா. அவர் எப்போதும் கேமரா பார்த்ததை அப்படியே சேமித்துவைக்கிற வகை ஃபைலாக எடுப்பவர். நீலம் முழுவதும் அவர் பின்னால் சேர்த்தது. சேர்த்ததை எடுத்துவிட்டால் பழையபடி கேமராவின் சாட்சியம் அடியில் அப்படியே இருக்கும். கேமராவுக்குக் காமாலை கிடையாது. நூலகத்துப் படத்தைத் திறந்து, அட்டை சொன்ன கணக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுட்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினார். நீலம் வடிய வடிய, சேற்றிலிருந்து எழுந்து வருவது போல ஓட்டின் சிவப்பு வந்தது. சரிவில் பூக்கள் வந்தன. மூன்று வருடமாக அவை அந்தப் படத்துக்குள்ளேயேதான் காத்திருந்திருக்கின்றன. விடியலின் அந்த ஓர் இழை நீலம் மட்டும் போகாமல் நின்றது.

அடுத்த படத்தைத் திறந்தார். அதற்கடுத்தது. எட்டு வருடத்து விடியல்கள். யாரோ ஒருவர் எடுத்துப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் போன படங்கள் மாதிரி ஒவ்வொன்றும் புதிதாகத் திறந்தது. "இந்தாம்மா, இதைப் பாரேன்" என்று பதினேழு தடவை கூப்பிட்டார். பதினெட்டாவது தடவை மனைவி மெஷினையே இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் இரண்டு சின்ன அச்சுகளோடு நூலகத்துக்குப் போனார். ஒன்று நீலம், ஒன்று நிஜம். நூலகர் அம்மா புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அந்த நீலம் நான் போட்டதில்ல. என் கண்ணுல இருந்த புரை போட்டது."

நடந்ததை எல்லாம் சொன்னார். சாக்ஸையும் விடவில்லை. நூலகர் முதலில் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கினார். சாக்ஸ் வந்தபோது அடக்க முடியவில்லை.

"வாங்க சார், சுவர்ல வச்சுப் பார்த்துடுவோம்" என்று கூடத்தின் கதவைத் திறந்தார்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேடம், சுவருக்கு எப்ப மஞ்சள் பெயின்ட் அடிச்சீங்க?"

"எப்ப அடிச்சோம்னா? கட்டினதுலேர்ந்து மஞ்சள்தான் சார். நீங்க வந்து அளந்தப்பவும் மஞ்சள்தான்."

எலுமிச்சம்பழ மஞ்சள். தரையிலிருந்து கூரைவரை.

"வெள்ளைச் சுவர்னு நினைச்சு அளந்தேன்," என்றார் அவர்.

"மஞ்சளுக்கு எதிரா நிக்கட்டும்னுதான் நீலத்தைக் கொடுத்தீங்கன்னு நினைச்சேன். கமிட்டியில அதைத்தான் அரை மணி நேரம் பேசி வாங்கினேன். எவ்வளவு நுணுக்கமான மனுஷர்னு வேற சொல்லிவச்சிருக்கேன்."

இருவரும் சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நூலகர் நீல அச்சைச் சுவரில் வைத்துப் பிடித்தார். ஆறடி நீலம் அங்கே வந்தால் வாசிக்கிறவர்கள் ஸ்வெட்டர் கேட்பார்கள் என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்தார். அவர் பத்தடி பின்னால் போய் நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

மஞ்சள் சுவரில் அந்த ஓர் இழை நீலம் மெல்ல எழுந்து நின்றது. கையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சுற்றிலும் மஞ்சள் இருந்தால் கண் தானே கொஞ்சம் நீலத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறது. அதற்கு நடுவில் சிவப்பு ஓடு. கீழே, சுவரின் மஞ்சளே உள்ளே வழிந்து இறங்கிய மாதிரி, பூக்கள்.

"சுவருக்கும் காமாலைதான்," என்றார் அவர். "என் வேலையை இனி இது பார்த்துக்கும்."

"இதையே அச்சுக்குக் கொடுத்துடுங்க," என்றார் நூலகர். "நீலம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் இத்தனை நாளா இதுல வீடு ஒண்ணு இருக்கறதையே கவனிக்கல."

திறப்பு விழா அன்று அவர் எல்லோருக்கும் முன்னால் போய், ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்தார். ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. சரிசெய்தார். சங்கத்தார் பத்துப் பேரும் வந்தார்கள். கணக்கு வாத்தியார் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். உள்ளது முழுவதையும் அவரிடம் சொல்லிவிடுவது என்று நீலக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் வாத்தியாரே முந்திக்கொண்டார்.

"நீலம் முதிர்ச்சி அடைஞ்சிருக்கு. முன்னாடி கத்தினீங்க, இப்ப பேசறீங்க. எப்படி வந்துச்சு இந்த மாற்றம்?"

"லென்ஸ் மாத்தினேன்," என்றார் அவர்.

"அதான் பார்த்தேன்," என்று வாத்தியார் தலையாட்டிக்கொண்டே குறிப்பேட்டை எடுத்தார். "என்ன லென்ஸ்?"

நீலக்காரர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, சாக்ஸிலிருந்து ஆரம்பித்தார். வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் சாக்ஸையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

வெளியே வரும்போது மனைவி அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம்.

"இன்னைக்குமா? அதுவும் இப்படிப்பட்ட நாள்ல?"

"தெரிஞ்சுதான் போட்டேன்," என்றார் அவர். "அடுத்த வாரம் இடது கண்ணுலயும் லென்ஸை மாத்திடப்போறாங்க. பாவம், அந்தப் பழைய கண்ணு கடைசியா ஒரு தடவை அதோட பக்கத்துக் காலுக்கு அதுவே எடுத்துப் போட்டுக்கட்டும்னு விட்டேன்."